காலிக் கோட்டைக்கு வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

இது நீளமான பதிவு. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலோ, இஷாவுக்குப் பிறகு நேரம் இருந்தாலோ ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளைக் காலிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போவதற்கு முதல் நாள் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, "அங்கே எதைப் பார்க்க ஆசை?" என்று எழுதித் தரச் சொன்னேன். வெளிச்சவீடு என்று எழுதியவர்கள்தான் அதிகம். அடுத்தது கடல். பையன்களில் பலர் கிரிக்கெட் மைதானத்தையும், மதிலுக்கு மேலிருந்து கடலுக்குள் பாய்கிறவர்களையும் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் உண்மையை மறைக்காமல் "ஐஸ்கிரீம்" என்று எழுதியிருந்தான். அவன் தாளுக்கு ஒரு சரி போட்டேன்.

வெளிச்சவீட்டுக்கு நேர் எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலை ஒரு பிள்ளையும் எழுதவில்லை. முஸ்லிம் பாடசாலை, முஸ்லிம் பிள்ளைகள். குறை சொல்லவில்லை. அவர்கள் வயதில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்தத் துண்டுத்தாள்களை மேசை லாச்சியில் போட்ட பிறகும் ஒரு யோசனை விடவில்லை. ஒரு பழைய நகரத்துக்கு வருகிறவன் எதைப் பார்க்க விரும்புகிறான் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அவனேதானா?

முதலில் அந்த வெளிச்சவீட்டையே எடுத்துக்கொள்வோம். கோட்டையில் அதிகம் படம் பிடிக்கப்படும் கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகளிடம் கேட்டேன், யார் கட்டியது? "ஒல்லாந்தர் சேர்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். இல்லை. இப்போது நிற்கும் வெளிச்சவீடு 1939இல் பிரித்தானியர் கட்டியது. அதற்கு முந்தியது 1848இல் கட்டப்பட்டு 1934இல் தீயில் அழிந்துபோனது. மீரான் பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆகவே அந்தப் புகைப்படத்தில் பின்னணியாகத் தெரியும் பள்ளிவாசல்தான் மூத்தது, முன்னால் நிற்கும் வெளிச்சவீடு இளையது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வெளிச்சவீடு மட்டுமில்லை. பஸ் நிலையப் பக்கமிருந்து நாம் உள்ளே நுழையும் பெரிய வாசல் 1873இல் பிரித்தானியர் மதிலை உடைத்துத் திறந்தது. உள்ளே போனதும் நிமிர்ந்து பார்க்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல், டாக்டர் அந்தோனிஸ் என்ற பறங்கிய மருத்துவரைக் கௌரவித்து எழுப்பப்பட்டது. ஒல்லாந்தரின் வாசலைப் பார்க்க வேண்டுமென்றால் துறைமுகப் பக்கம் போக வேண்டும். அங்கே உட்புறத்தில் 1669 என்ற ஆண்டோடு கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல். வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம். ஒரே வாசலுக்கு இரண்டு முகம். "ஒல்லாந்தர் கோட்டை" என்று நினைத்து வருகிறவன், பாதி நேரம் வேறு ஆட்களின் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறான்.

சரி, கோட்டை வருவதற்கு முன்னால் காலிக்கு வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலை ஏறி இறங்கி, தெவிநுவரையைப் பார்த்துவிட்டு, காலிக்கு வந்தார். அவருக்கு அது சின்ன ஊர். அங்கே அவர் குறித்துவைத்தது ஒரு கட்டடத்தையோ காட்சியையோ அல்ல, ஒரு மனிதரை. நகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் மாலுமித் தலைவர் தன் வீட்டில் விருந்து வைத்தார் என்று எழுதுகிறார். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். போர்த்துக்கேயர் இந்தக் கடலுக்கு வர இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. அப்போதே காலியில் ஒரு முஸ்லிம் வீடு, அதன் கதவு திறந்திருக்கிறது, தூரத்திலிருந்து வந்த ஒருவருக்குச் சாப்பாடு போடுகிறது.

அடுத்து வந்தவர் இன்னும் பெரிய ஆள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது கப்பல்கள் கொண்டுவந்த கல்வெட்டில் 1409ஆம் ஆண்டுத் திகதி இருக்கிறது. ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல். ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் குறைக்கவில்லை. வந்தவர், இங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று விசாரித்து, அவரவர் மொழியில் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஒரு மதகுக்கு மேல் மூடுபலகையாகக் குப்புறக் கிடந்தது. எத்தனை வருடம் அதன் முதுகில் வண்டி ஓடியதோ! இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மூன்றில் பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்து போயிருக்கிறது.

பிறகு நடந்ததை நம் பாடப்புத்தகம் சொல்கிறது, வேகமாகக் கடந்துவிடுகிறேன். போர்த்துக்கேயர் கோட்டைக்கு அத்திவாரம் போட்டார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். இன்று நாம் நடக்கும் மதில்கள், கொத்தளங்கள், நேரான வீதிகள், கடல் ஏற்றத்தில் தானே கழுவப்படும் நிலத்தடிக் கால்வாய் எல்லாம் அவர்கள் திட்டம். முஸ்லிம்கள்மேல் அவர்களுக்கும் நல்லெண்ணம் இருக்கவில்லை. வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு, ஊழியம் என்ற பெயரில் கட்டாய வேலை. கொழும்பில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் சொத்து வைத்திருக்கக் கூடாது என்று அவர்கள் போட்ட சட்டம், பிரித்தானியர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது.

ஆனால் சட்டம் ஒன்று, வாழ்க்கை ஒன்று. காலிக் கோட்டைக்குள் பெட்லர் வீதி என்று ஒன்று இருக்கிறது. இன்று நகைக்கடைகளும் கோப்பிக் கடைகளும் நிறைந்த வீதி. ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயரின் பொருள் "சோனகச் சில்லறை வியாபாரிகள் வீதி". வெறுத்தவனே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டான், இவர்கள் இங்கே இருந்தார்கள் என்று. இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்? பக்கத்தில் பறவ வீதி என்றும் ஒன்று இருக்கிறது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த பரவர்களின் நினைவு அது. லெயின்பான் வீதி கயிறு திரித்த இடம். நம் பிள்ளைகள் இந்தப் பலகைகளுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், வாசிப்பதில்லை. நான் மட்டும் என்ன, ஆசிரியராகி இரண்டாவது தடவை போனபோதுதான் வாசித்தேன்.

இனி 19ஆம் நூற்றாண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

1840களிலிருந்து பீ அண்ட் ஓ கம்பனியின் நீராவிக் கப்பல்கள் காலிக்கு வரத் தொடங்கின. நிலக்கரி ஏற்ற வேண்டும். கல்கத்தாவுக்குப் போகிறவர்கள், சீனாவுக்குப் போகிறவர்கள், அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே கப்பல் மாறினார்கள். இலங்கையின் வாசலே அப்போது காலிதான். ஐரோப்பியச் செய்தி முதலில் காலியில் இறங்கும். கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1850இல் புறா வளர்த்து, காலியில் இறங்கும் செய்தியைப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது. 1858இல் தந்தி வந்த பிறகுதான் புறாக்களுக்கு ஓய்வு. (இதை வகுப்பில் சொன்னால் அன்று முழுக்க வேறு பாடம் நடக்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.)

அந்தக் கப்பல்களில் வந்தவர்கள்தான் காலியின் முதல் உல்லாசப் பயணிகள். ஒரு நாள், இரண்டு நாள் கையில் இருக்கும். அவர்களுக்கு ஒல்லாந்தர் மதில் முக்கியமில்லை. அவர்களுக்கு வேண்டியது நிழல், குளிர்ந்த பானம், கறுவாத் தோட்டத்துப் பக்கம் ஒரு வண்டிப் பயணம், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாமான். அந்தச் சாமானைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். கப்பல் தளத்திலேயே ஏறி, ஹோட்டல் விறாந்தையில் உட்கார்ந்து, மாணிக்கக்கல், ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை, காலிப் பெண்கள் பின்னிய ரேந்தை என்று விரித்துவைத்தார்கள். பெரும்பகுதியானோர் சோனக வியாபாரிகள். கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடும் அக்காலப் பயணக் குறிப்புகளில் உண்டு. நம் ஆட்கள் என்பதற்காக நான் அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அதே விறாந்தையிலிருந்து நேர்மையாகப் பெரிய பெயர் எடுத்தவர்களும் எழுந்தார்கள். ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் 1860இல் தொடங்கிய மாணிக்கக்கல் வியாபாரம் இந்தக் காலித் துறைமுகப் பயணிகளை நம்பித்தான் பிறந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் வருகிறவனின் விருப்பம் இங்கே வாழ்கிறவனுக்குச் சோறு போட்டது. அவன் சாமானை வாங்கினான், கப்பல் ஏறிப் போனான். வீடு வீடாகவே இருந்தது.

அந்தக் காலம் நிலைக்கவில்லை. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கியது, பத்து வருடத்தில் முடிந்தது. பாறைகள் நிறைந்த காலித் துறையை விட்டுவிட்டுக் கப்பல்கள் கொழும்புக்குப் போயின. 1894இல் ரயில் காலிக்கு வந்தபோது, ஏற்றி இறக்குவதற்குப் பழைய கூட்டம் இல்லை. நூறு வருடம் கோட்டை தூங்கியது. அந்தத் தூக்கத்தில்தான் மீரான் பள்ளிவாசல் கட்டப்பட்டது, 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி வளர்ந்தது, குடும்பங்கள் பெருகின. வெளியே யாரும் பார்க்காத காலம்தான் உள்ளே இருந்தவர்கள் நிம்மதியாக வாழ்ந்த காலம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கொழும்பைப் போலப் பணம் வந்திருந்தால் பழைய வீடுகளை உடைத்து மாடி கட்டியிருப்பார்கள். பணம் வராததால் கோட்டை தப்பியது.

1988இல் யுனெஸ்கோ காலியின் பழைய நகரத்தையும் மதில்களையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதே வருடம்தான் கண்டியும் சிங்கராஜவும். காலிக்குச் சொன்ன காரணம், தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பியர் கட்டிய அரணிட்ட நகரத்துக்கு அது சிறந்த உதாரணம், ஐரோப்பியக் கட்டடக் கலையும் தெற்காசிய மரபும் கலந்த இடம் என்பது. தவறில்லை. ஆனால் "ஐரோப்பியர் கட்டிய" என்ற இரண்டு சொல் முன்னால் நின்றுவிட்டது. கைடு அதைச் சொல்கிறார், புத்தகம் அதைச் சொல்கிறது, பலகை அதைச் சொல்கிறது. வருகிறவன் அதைத் தேடுகிறான். எங்கள் தரம் 9 துண்டுத்தாளும் அதைத்தான் திருப்பிச் சொன்னது.

உண்மையில் கோட்டைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பொறுமையாக ஒரு நாள் மதிலில் உட்கார்ந்தால் தெரியும். காலையில் வெயில் ஏறும் முன் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். கதவு, ஜன்னல், ஓடு, விறாந்தைத் தூண் என்று படம் எடுப்பார்கள். பிறகு வெள்ளை உடுப்பில் பாடசாலைப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக இறங்குவார்கள். நேரே கடல் பக்கம். மத்தியானத்தில் குடைக்குக் கீழே இளம் சோடிகள், அவர்களுக்கு வரலாறு தேவையில்லை, நிழல் போதும். பின்னேரம் குடும்பங்கள், பட்டம் விடும் பிள்ளைகள், கல்யாணப் படம் எடுக்க வந்த மாப்பிள்ளை பொம்பிளை. டெஸ்ட் போட்டி நாளில் கேட்கவே வேண்டாம். 2010 ஜூலையில் முரளி தன் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது மதில் மேலே டிக்கற் இல்லாத அரங்கு ஒன்று நிறைந்திருந்தது. 2018இல் மைதானத்தின் கட்டடங்கள் மதிலை மறைக்கின்றன, மரபுரிமைப் பட்டியலுக்கு ஆபத்து என்று பேச்சு வந்தபோது ஊர் ஆட்கள் கொதித்தார்கள். ஒருவருக்கு மதில் என்பது பார்க்க வேண்டிய பொருள். மற்றவருக்கு அது உட்கார்ந்து மட்ச் பார்க்கும் இடம். நான் இரண்டாவது கட்சி. 2004 டிசம்பர் 26 அன்று எதிரே பஸ் நிலையமும் மைதானமும் சிதைந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்களைக் காப்பாற்றியதும் அதே மதில். அவர்களுக்கு அது மூன்றாவது பொருள்.

இந்த எல்லா விருப்பங்களிலும் வீடுகளை மாற்றியது ஒன்றுதான். ஒல்லாந்தர் காலத்து வீட்டில் இரண்டு இரவு படுத்து எழும்ப வேண்டும் என்ற விருப்பம். 2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டவர் வீடு வாங்க வந்தார்கள். 2004இல் வெளிநாட்டவருக்கு நிலம் கைமாறினால் நூற்றுக்கு நூறு வரி என்று அரசாங்கம் போட்டது. வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வீடுகள் விடுதிகளாயின, விடுதிகளுக்குக் கீழே கடைகளாயின.

விற்றவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். கோட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு வயதான நானா எனக்கு விளக்கினார். நம்மவர்களில் வீடு பெண் பிள்ளைக்குத்தானே போகும். ஒரு வீட்டில் மூன்று குமர்கள் இருந்தால் மூன்று வீடு வேண்டும். வேறு ஊரில் என்றால் மேலே ஒரு தட்டுப் போடலாம், பின்னால் இரண்டு அறை கட்டலாம். கோட்டைக்குள் அனுமதி இல்லாமல் ஓடு மாற்றவும் முடியாது. மரபுரிமைச் சட்டம் வீட்டைக் காத்தது, வீட்டுக்குள் இருந்த குடும்பத்துக்கு இடமில்லாமல் செய்தது. "ஒரு வீட்டை வித்து வெளியில மூணு வீடு எடுத்தேன் தம்பி. மூணு புள்ளையும் நல்லா இருக்கு. ஆனா ஜும்ஆவுக்கு மட்டும் இங்கதான் வருவேன்" என்றார். இதில் என்ன பிழை கண்டுபிடிப்பது?

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

ளுஹர் தொழுது முடிந்து பள்ளிவாசல் படியில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். பள்ளிவாசலின் இரண்டு கோபுரங்களைப் பார்த்து ஒரு பையன், "சேர், இது முதல்ல சேர்ச்சா?" என்று கேட்டான். வருகிற பலரும் கேட்கும் கேள்விதான். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பதறிப்போய்த் தேடினால், பக்கத்து வீதியில் ஒரு விடுதியின் வாசலில் ஒரு மாணவி நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய உம்மம்மா பிறந்த வீடாம். வீதியின் பெயரும், வாசல் படியில் ஒரு மூலை உடைந்திருக்கும் என்ற அடையாளமும் உம்மம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். கிணறு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். காவலாளி நல்ல மனிதர், ஆனால் தங்குகிறவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி, தன் வேலை போய்விடும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அவளுடைய கேள்வியைக் கேட்டு அவரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிணறு இருக்கிறது, மேலே கண்ணாடி போட்டு மூடி, சுற்றிக் கதிரை போட்டிருக்கிறார்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு, குனிந்து அந்த உடைந்த படி மூலையை என் போனில் படம் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்தேன். மற்றப் பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். அன்று முழுக்க அவர்கள் இவ்வளவு அமைதியாக வேறெதையும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவளைச் சுற்றி ஒரே கேள்வி. உம்மம்மா எங்கே ஓதினார், கிணற்றில் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, கல்யாணம் எந்த வீட்டில் நடந்தது. பாதிக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியாது. "வீட்ட போய்க் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அடுத்த நாள் கேட்டும் வந்தாள். கிணறு நல்ல தண்ணீராம், பக்கத்து இரண்டு வீட்டுக்கும் அதிலிருந்துதானாம்.

அடுத்த வருடம் இன்ஷா அல்லாஹ் மறுபடியும் போகிறோம். இந்தமுறை பெரிய வாசலால் நுழையாமல் துறைமுகப் பக்கத்துச் சேவல் வாசலால் நுழைந்து, முதலில் பெட்லர் வீதிப் பலகையை வாசிக்க வைக்கப் போகிறேன். வெளிச்சவீடும் உண்டு, ஐஸ்கிரீமும் உண்டு. அந்தப் பையன் பயப்பட வேண்டாம்.

கோட்டைக்குள் பிறந்தவர்கள், அல்லது உம்மம்மாவோ வாப்பும்மாவோ அங்கே வாழ்ந்தவர்கள் இதை வாசித்தால் ஓர் உதவி. வீட்டில் பழைய படம் இருந்தால், விறாந்தையோ கிணறோ கல்யாணப் பந்தலோ எதுவாக இருந்தாலும், எந்த வீதி, ஏறக்குறைய எந்த வருடம் என்று குறித்து எனக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளைகள் கையில் அந்தப் படங்களைக் கொடுத்து, வீதி வீதியாக வாசலைத் தேட விடலாம் என்று இருக்கிறேன்.